கசிவில் இருக்கும் காசு: சீர் பைன் பற்றி வாசகர் கேள்விகள்

பைன் மரங்களைப் பற்றிக் கேட்டு வந்திருந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாக் கேள்விகளும் இமயமலையின் ஒரே மரத்தில் வந்து முடிவதைக் கண்டேன். ஆகவே இவ்விதழில் பகுதி முழுவதையும் அந்த ஒரு மரத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: உத்தராகண்டில் அல்மோரா செல்லும் வழியில் பைன் மரங்களின் அடிப்பகுதியில் பட்டையைச் சீவிவிட்டு, கீழே சிறு குவளைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். தேவதாருவா என்று கேட்டதற்கு, "இல்லை, சீட்" என்றார் ஓட்டுநர். அது என்ன மரம்? இப்படிக் காயப்படுத்தினால் மரம் பட்டுப்போகாதா?

பதில்: ஓட்டுநர் சொன்னது சரி. இந்தியில் 'சீட்' என்று வழங்குவதை ஆங்கில எழுத்தில் எழுதியவர்கள் 'சீர்' ஆக்கிவிட்டார்கள். நம் யாப்பிலக்கணச் சீருக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை. தேவதாருவின் ஊசியிலைகள் குட்டையாக, கிளைகளில் கொத்துக் கொத்தாக நெருங்கியிருக்கும். சீர் பைனிலோ மூன்று ஊசிகள் ஒரே அடியில் பிணைந்து, 20 முதல் 30 செ.மீ. நீளத்துக்கு வளர்ந்து தொங்கும். தரையில் கிடக்கும் ஒரு பிணையை எடுத்து எண்ணிப் பார்த்தாலே மரம் எது என்று தெரிந்துவிடும். ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்திலிருந்து 2,300 மீட்டர் வரை, அதாவது இமயத்தின் பனி படர்ந்த உச்சிகளில் அல்லாமல் வெயில் படும் தாழ்ந்த சரிவுகளில், மேற்கே பாகிஸ்தானிலிருந்து நேபாளம் வழியாகக் கிழக்கே பூட்டான் வரை இம்மரம் பரவியிருக்கிறது.

அதன் தாவரவியல் பெயர் பைனஸ் ராக்ஸ்பர்கியை. சென்னை மாகாணத்தில் பணியைத் தொடங்கிப் பின்னர் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற வில்லியம் ராக்ஸ்பர்க், நீண்ட ஊசிகளைப் பார்த்து இதற்கு 'லாங்கிஃபோலியா' என்று பெயரிட்டிருந்தார். அந்தப் பெயர் வேறொரு பைனுக்கு முன்பே சூட்டப்பட்டிருந்ததால் அது செல்லாமல் போயிற்று. 1897இல் அமெரிக்கரான சார்ஜென்ட், பெயர் வைத்தவரின் பெயரையே மரத்துக்கு வைத்து வழக்கை முடித்தார்.

இனி காயத்துக்கு வருவோம். பிசினை 'மரத்தின் இரத்தம்' என்று எழுதுவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அந்த உவமை அழகாக இருக்கிறதே தவிர, உண்மை அன்று. மரத்துக்குள் நீரையும் உணவையும் சுமந்து செல்லும் சாறு வேறு, பிசின் வேறு. பைன் கட்டைக்குள் நெடுக்கிலும் குறுக்கிலும் நுண்ணிய பிசின் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றைச் சூழ்ந்த உயிரணுக்கள் பிசினைச் சுரந்து அழுத்தத்தோடு நிரப்பி வைத்திருக்கின்றன. பட்டையைத் துளைத்து வண்டு நுழைந்தாலோ, கிளை முறிந்தாலோ, உடனே பிசின் பீறிட்டு வந்து பூச்சியை மூழ்கடிக்கிறது. பிறகு அதிலுள்ள எளிதில் ஆவியாகும் பகுதி காற்றில் கலந்துவிட, மிச்சம் இறுகிப் புண்ணை அடைத்துவிடுகிறது. மரத்தின் இந்தத் தற்காப்பைத்தான் மனிதன் வாரந்தோறும் தூண்டிவிட்டுக் காசாக்குகிறான். ஆகவே பிசின் எடுப்பதனால் மரம் சாவதில்லை. எவ்வளவு ஆழமாக வெட்டி எடுக்கிறோம் என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

1890களில் இமயத்துக்கு வந்த பிரெஞ்சு முறையில், மரத்தின் அடியில் வாய்ச்சி போன்ற கருவியால் ஏறத்தாழ 10 செ.மீ. அகலத்துக்கு ஒரு பள்ளம் செதுக்கி, தகர உதடு ஒன்றைச் செருகி, அதன் கீழே மண் குவளையை மாட்டுவார்கள். ஐந்தாறு நாள்களுக்கு ஒருமுறை பள்ளத்தின் மேல்விளிம்பைச் சற்றே செதுக்கிப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் பிசின் இறுகிக் கசிவு நின்றுவிடும். விதிப்படி பள்ளத்தின் ஆழம் ஓர் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கிலோ கணக்கில் கூலி பெறும் ஒருவர், மேலதிகாரி எட்டிப் பார்க்காத சரிவில், விதியை அளந்து பார்த்தா வெட்டுவார்? பள்ளம் ஆழமானது, ஒரே மரத்தில் பள்ளங்களின் எண்ணிக்கையும் கூடியது. கோடையில் தரையோடு வரும் தீ, பிசின் பூசிய அந்தக் குழியைப் பற்றிக்கொண்டு அடிமரத்தையே அரித்துவிடும். அடுத்த புயலில் மரம் அந்த இடத்தில் முறிந்து விழும். உத்தராகண்டிலும் இமாசலத்திலும் பழைய காடுகளில் இடுப்புயரத்தில் கரிந்த குழியோடு நிற்கும் மரங்களை இன்றும் காணலாம்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் 'ரில்' முறை; நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். மார்பளவு உயரத்தில் சுற்றளவு ஏறத்தாழ 90 செ.மீ. எட்டிய மரத்தில், தரைக்குச் சற்று மேலே 45 செ.மீ. உயரமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு சட்டம் அளவுக்குச் சொரசொரப்பான பட்டையை மட்டும் வழவழவென்று சீவிவிடுவார்கள். அதன் நடுவே செங்குத்தாக ஒரு வாய்க்கால். அந்த வாய்க்காலுக்கு இருபுறமும், இலையின் நரம்புகள் போலச் சாய்ந்த மெல்லிய கீறல்கள். ஒவ்வொரு கீறலும் கட்டைக்குள் 2 மி.மீ. அளவே இறங்கும். கீறிய கையோடு நீர்த்த அமிலக் கரைசலை ஒரு தெளிப்பானால் புகைபோல அடிப்பார்கள். பிசின் குழாய்களின் வாய் சீக்கிரம் அடைபடாமல் அது பார்த்துக்கொள்ளும். அருகில் சென்று பார்த்தால், கீறிய சில நிமிடங்களுக்குள் கண்ணாடித் துளிகள் வரிசையாக முளைத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, வாய்க்காலில் தேன்போல மெதுவாக இறங்குவது தெரியும். குவளைக்குள் விழுந்து ஓரிரு நாள் ஆனதும் பாலாடைபோல் வெளுத்துத் திரண்டுவிடும். அடுத்த வாரம் முந்தைய கீறலுக்குச் சற்று மேலே புதிய கீறல். இவ்வாறு மார்ச்சு நடுவில் தொடங்கி நவம்பர் வரை போகும். வெயில் ஏறிய மாதங்களில் கசிவு மிகுதி. ஒரு காயத்திலிருந்து ஓராண்டில் 2 முதல் 4 கிலோ வரை கிடைக்கும். அல்மோராவை உள்ளடக்கிய குமாவோன் பகுதி மக்கள் இப்பிசினை 'லீசா' என்கிறார்கள்.

இதற்கும் அடுத்த படியாக, பட்டையைச் சீவாமலே அடிமரத்தில் விரற்கடை அகலத்துக்குத் துளையிட்டு, மூடிய பையில் பிசினைச் சேகரிக்கும் முறையும் இருக்கிறது. காற்றும் குப்பையும் படாததால் பிசின் சுத்தமாகக் கிடைக்கிறது, அதில் எளிதில் ஆவியாகும் பகுதியான டர்பன்டைனும் வீணாவதில்லை. என் கருத்தில் மரத்துக்கும் தொழிலுக்கும் ஒருசேர நல்லது இதுதான். ஆனால் பழகிய கை எளிதில் கருவியை மாற்றிக்கொள்வதில்லை.

கேள்வி: நான் வயலின் கற்றுக்கொள்கிறேன். வில்லில் தேய்க்கும் ரோசின் கட்டி இந்தப் பிசினிலிருந்துதான் வருகிறதா? வேறு எதற்கெல்லாம் அது பயன்படுகிறது?

பதில்: பைன் பிசினிலிருந்துதான் வருகிறது, உங்கள் பெட்டியில் இருப்பது சீர் பைனா, ஐரோப்பியப் பைனா என்பது தயாரித்தவருக்கே வெளிச்சம். ஆலைக்கு வந்த லீசாவில் ஊசிகளும் பட்டைத் துணுக்குகளும் மழைநீரும் கலந்திருக்கும். அதைச் சிறிது டர்பன்டைன் சேர்த்துச் சூடாக்கி இளக்கி, வடிகட்டி, நீரால் கழுவி, பிறகு நீராவி செலுத்திக் காய்ச்சுவார்கள். டர்பன்டைன் ஆவியாகி மேலே சென்று குளிர்ந்து தனியே சேரும். கொப்பரையில் தங்குவது ரோசின். 100 கிலோ பச்சைப் பிசினில் 70 முதல் 75 கிலோ வரை ரோசினும், ஏறத்தாழ 20 கிலோ டர்பன்டைனும் தேறும். இத்தொழிலுக்கென 1920களில் உத்தரப் பிரதேசத்தின் பரேலிக்கு அருகே கிளட்டர்பக்கஞ்சில் பெரிய ஆலை ஒன்று எழுந்தது. இமாசலப் பிரதேசத்தின் வனக் கழகத்துக்கு நாகனிலும் பிலாஸ்பூரிலும் ஆலைகள் உண்டு.

ரோசினை நிறம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். வெளிறிய மஞ்சளாக ஒளி ஊடுருவும் உயர்தரங்களுக்கு 'வாட்டர் ஒயிட்', 'விண்டோ கிளாஸ்' என்று பெயர். கீழே செல்லச் செல்லத் தேன் நிறமாகி, கடைசியில் கருஞ்சிவப்பில் முடியும். குப்பை மிகுந்த பிசினும், காய்ச்சும்போது ஏறிய சூடும் நிறத்தைக் கெடுத்து விலையைக் குறைத்துவிடும். காட்டில் குவளைக்கு மூடி போடாத அலட்சியம், ஆலையில் தரச் சீட்டில் வந்து தெரியும்.

வில்லில் அது செய்யும் வேலை நுட்பமானது. ரோசின் பூசிய குதிரைமயிர் தந்தியைப் பற்றி இழுக்கிறது. இழுப்பு எல்லை தாண்டியதும் தந்தி நழுவித் திரும்புகிறது. மறுகணம் மயிர் மீண்டும் பற்றுகிறது. ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை நடக்கும் இந்தப் பற்றலும் நழுவலுமே நாதம். அசையாது தொட்டிருக்கும்போது இறுகப் பிடிப்பதும், நழுவத் தொடங்கியதும் பிடியைத் தளர்த்துவதும் ரோசினின் இயல்பு. எண்ணெய் பட்ட வில் வாசிக்காமல் வழுக்குவதற்கும் இதுவே காரணம்.

வயலினுக்குப் போவது தூசளவுதான். நெடுங்காலம் ரோசினை வாரிக்கொண்டது காகித ஆலை. 1807இல் ஜெர்மானியரான மோரிட்ஸ் இல்லிக், ரோசினையும் படிகாரத்தையும் காகிதக் கூழிலேயே கலந்தால் மை ஊறிப் பரவாது என்று கண்டு வெளியிட்டார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு உலகம் எழுதியதும் அச்சிட்டதும் பெரும்பாலும் ரோசின் ஊட்டிய காகிதத்தில்தான். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு: படிகாரம் விட்டுச்சென்ற அமிலம் காகித நாரை மெல்ல மெல்ல அறுத்துவிடுகிறது. வீட்டிலிருக்கும் 60, 70 ஆண்டுப் பழைய புத்தகத்தின் தாள் மஞ்சளித்து, மடித்தால் அப்பளமாக நொறுங்குவதில் அதற்குப் பெரும் பங்கு இருக்கிறது. நூலகர்களின் முறையீட்டாலும் வேறு காரணங்களாலும் காகித ஆலைகள் பலவும் இப்போது அமிலமில்லா முறைக்கு மாறிவிட்டன.

ஆயினும் ரோசினுக்கு வேலை போய்விடவில்லை. ஒட்டும் நாடாக்களின் பசை, அச்சு மை, வார்னிஷ், சலவைச் சோப்பு, மின்னணுப் பலகைகளில் ஈயம் பற்றவைக்கும்போது தடவும் பேஸ்ட், தார்ச்சாலையில் உருக்கி ஊற்றும் வெள்ளைக் கோடு, சூயிங்கம் ஆகியவற்றில் நேரடியாகவோ, வேதிமாற்றம் பெற்றோ அது இருக்கிறது. முதல் உலகப் போரில் இதற்கு ஒரு கொடிய வேலையும் இருந்தது: வெடித்து ஈய உருண்டைகளைச் சிதறடிக்கும் ஷ்ராப்னல் குண்டுக்குள் அவ்வுருண்டைகள் குலுங்காமல் இருக்க ரோசினை உருக்கி ஊற்றினார்கள்.

கேள்வி: பெயின்ட் கடையில் வாங்கிய டர்பன்டைன் மண்ணெண்ணெய் போல நாறுகிறது. மரத்திலிருந்து வருவதா இது?

பதில்: அன்று. பெயின்ட்டை இளக்க இன்று பொதுவாக விற்கப்படுவது மினரல் டர்பன்டைன். அது பெட்ரோலியத்தைப் பிரித்தெடுக்கும்போது கிடைப்பது. வேலை ஒன்றே என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. மர டர்பன்டைன் வேண்டுமென்றால் புட்டியில் 'கம் டர்பன்டைன்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூடியைத் திறந்ததும் அறுத்த பைன் பலகையின் மணம் வர வேண்டும்.

சீர் பைன் டர்பன்டைனுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிற நாட்டு டர்பன்டைன்களில் பைனீன் என்ற பொருள் மிகுதி. செயற்கைக் கற்பூரம் உட்பட விலைபோகும் பண்டங்கள் பலவும் அதிலிருந்துதான் செய்யப்படுகின்றன. சீர் பைனில் பைனீன் குறைவு, காரீன் என்ற இன்னொரு பொருளே தலைதூக்கி நிற்கிறது. காரீன் காற்றுப் பட்டால் விரைவில் மாறுவது. அவ்வாறு மாறிய பழைய சரக்கு சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். ஓவியம் தீட்டுபவர்கள் திறந்து நாளான புட்டியைக் கையுறையின்றித் தொடாமல் இருப்பது நலம். நம் சாமி அறைக் கற்பூரத்துக்கான மூலப்பொருள், இத்தனை பைன் காடுகள் இருந்தும், பெரிதும் இறக்குமதியாவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது.

இந்தக் காரீனையும், 'லாங்கிஃபோலீன்' என்ற மற்றொரு பொருளையும் இந்திய டர்பன்டைனிலிருந்து பிரித்து ஆராய்ந்தவர் ஜான் லயனல் சைமன்சன். 1910 முதல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்துவிட்டு டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்றவர். இந்திய அறிவியல் மாநாட்டைத் தொடங்கிய இருவரில் ஒருவர். மரத்தின் பழைய பெயரான லாங்கிஃபோலியா, தாவரவியலில் தள்ளுபடியான பிறகும் வேதியியலில் இப்படி உயிர்வாழ்கிறது. லாங்கிஃபோலீனிலிருந்து வாசனைத் திரவியங்களுக்கான பொருள்கள் செய்யப்படுகின்றன.

கேள்வி: பைன் பலகையில் மேசை, அலமாரி செய்யலாமா என்று தச்சரிடம் கேட்டால் தயங்குகிறார். சீர் பைன் கட்டை அவ்வளவு மட்டமா?

பதில்: தச்சரின் தயக்கத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சீர் பைனில் சில மரங்களின் நார், கயிறு முறுக்கியதுபோல் தண்டைச் சுற்றிச் சுழன்று வளரும். அத்தகைய மரத்தை அறுத்த பலகை காயும்போது கோணிக்கொள்ளும். இழைப்புளி ஒரு பக்கம் வழுக்கிச் செல்லும், மறுபக்கம் நாரைப் பிய்க்கும். நிற்கும் மரத்தின் பட்டை வெடிப்புகள் செங்குத்தாக ஓடாமல் சாய்ந்து ஏறினால் உள்ளே முறுக்கு இருக்கிறதென்று காட்டில் பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது, வைரம் பாய்ந்த தேவதாருபோல இது தானாக நின்று உழைக்காது; ஈரமும் கறையானும் பட்டால் விரைவில் இற்றுவிடும்.

ஆனால் மருந்தை நன்றாகக் குடிக்கும் கட்டை இது. அந்தக் குணத்தால்தான் 1920களிலிருந்து, கட்டை இற்றுப்போகாமல் காக்கும் கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தில் ஏற்றி, இரயில் ஸ்லீப்பர் கட்டைகளாக இலட்சக்கணக்கில் பயன்படுத்தினார்கள். கான்கிரீட் ஸ்லீப்பர் வந்ததும் அந்தச் சந்தை மறைந்தது. பின்னர் ஆப்பிள் பெட்டிகளுக்கும், கட்டட வேலைக்கும், மலிவான அறைகலன்களுக்கும் போயிற்று. முறுக்கில்லாத, நன்கு உலர்த்திய, மருந்தேற்றிய பலகை கிடைத்தால் வீட்டுக்குள் வைக்கும் அலமாரிக்குத் தாராளமாகக் கொள்ளலாம். கிடைப்பதுதான் பாடு. மரங்களைக் கட்டிப்பிடித்து வெட்டைத் தடுத்த சிப்கோ இயக்கத்துக்குப் பின், உத்தராகண்ட் மலைகளில் 1,000 மீட்டருக்கு மேல் பச்சை மரங்களை வணிகத்துக்காக வெட்டுவது 1981இல் தடைசெய்யப்பட்டது. காய்ந்ததும் சாய்ந்ததுமான மரங்களே அங்கிருந்து சந்தைக்கு வருகின்றன. எனவே நின்றபடியே ஆண்டுதோறும் பிசின் தரும் மரத்தின் மதிப்பு, வெட்டிய மரத்தின் மதிப்பைவிடக் கூடிப்போயிற்று.

கேள்வி: உத்தராகண்டில் ஆண்டுதோறும் காட்டுத்தீ பரவுவதற்குப் பைன் மரமே காரணம் என்கிறார்கள். அப்படியானால் அவற்றை அகற்றிவிட்டால் என்ன? 1921இல் மக்களே பைன் காடுகளுக்குத் தீ வைத்தது உண்மையா?

பதில்: மரத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நான் ஏற்பதில்லை. சீர் பைன் கோடையில் உதிர்க்கும் ஊசிகள், உள்ளூர்ப் பெயரில் 'பிருல்', தரையில் மெத்தைபோல் படிகின்றன. பிசின் ஊறிய அவை எளிதில் மட்குவதில்லை. ஒரு பீடித் துண்டு போதும். தடித்த பட்டை கொண்ட முதிர்ந்த பைன் அந்தத் தரைத்தீயைத் தாங்கிக்கொள்கிறது. தீ கழிந்த வெற்று மண்ணில் அதன் விதையும் நன்றாக முளைக்கிறது. அருகிலிருக்கும், அகன்ற இலை கொண்ட பாஞ்ச் ஓக் மரத்தின் கன்றுகள் கருகிவிடுகின்றன. ஆக, அடிக்கடி எரியும் சரிவில் பைன் பரவுவதும், பைன் பரவிய சரிவு அடிக்கடி எரிவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஆனால் தீயை மூட்டுவது மரமில்லை. எல்லாவற்றையும் அகற்றினால் சரிவு மண்ணைப் பிடித்துவைக்க அந்த இடத்தில் வேறெதுவும் உடனே வந்து நிற்காது.

1921 நிகழ்ச்சி உண்மை. 1911 முதல் 1917 வரை குமாவோனின் காடுகள் பலவற்றை ஆங்கில அரசு ஒதுக்குக் காடுகளாக அறிவித்து, மேய்ச்சலையும் தழை ஒடிப்பதையும் கட்டுப்படுத்தியது. புதுப்புல் முளைக்கப் பைன் தரையைக் கொளுத்தும் கிராம வழக்கமும் குற்றமாயிற்று. அரசுக்கோ அதே மரங்களில் பிசின் வருமானம் கொழித்தது. 1921 சனவரியில் பாகேஷ்வரில் கூடிய மக்கள் கட்டாய ஊழியத்தை மறுத்தார்கள். அவ்வாண்டுக் கோடையில் பிசின் எடுக்கும் காடுகள் பற்றி எரிந்தன. அரசு அதே ஆண்டில் குறைகேட்புக் குழு அமைத்தது. கிராமக் காடுகளை ஊர்மக்களே நிர்வகிக்கும் வனப் பஞ்சாயத்து விதிகள் 1931இல் வந்தன.

பிருலைக் காசாக்கும் முயற்சிகள் இப்போது நடக்கின்றன. அதை அழுத்தி எரிகட்டிகளாக்கலாம். காற்றைக் குறைத்து எரித்து வாயுவாக்கி ஜெனரேட்டர் ஓட்டலாம். உத்தராகண்ட் அரசு 2018இல் இதற்கென ஒரு மின்னுற்பத்திக் கொள்கையை வெளியிட்டது. 2024 தீக்காலத்தில், சேகரித்துத் தருபவர்களுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் என்று அறிவித்தது. தடை தொழில்நுட்பத்தில் இல்லை. பிருல் பஞ்சுபோல் இடத்தை அடைப்பது. வழுக்கும் சரிவில் ஒரு பெண் முதுகில் சுமந்து வரும் மூட்டை பெரிதாக இருக்கும், எடை கொஞ்சமாக இருக்கும். சுமைக்கூலியும் வண்டிவாடகையும் கொடுத்தபின் மிச்சம் என்ன என்பதில்தான் இத்திட்டம் நிற்பதும் விழுவதும்.

கேள்வி: கடைகளில் விற்கும் பைன் பருப்பு இந்த மரத்தின் விதையா?

பதில்: வட இந்தியாவில் விற்கும் சில்கோசா, பைனஸ் ஜெரார்டியானா என்ற வேறொரு பைனின் விதை, இமாசலத்தின் கின்னௌர் பகுதியில் வறண்ட உயரங்களில் வளர்வது. சீர் பைனின் விதையையும் உண்ணலாம், கெடுதல் இல்லை. ஆனால் அது சிறியது, ஒரு பக்கம் காகிதம் போன்ற நீண்ட சிறகோடு வருவது. கோடை வெயிலில் காய் விரிந்ததும் காற்று அதைத் தூக்கிச் சென்றுவிடும்; ஓடு உடைத்துப் பருப்பு எடுக்கும் பொறுமை குரங்குகளுக்கு இருக்கிறது, வியாபாரிகளுக்கு இல்லை.